முயலுக்கும் மூஸுக்கும் ஒரே ரவை

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு கோடையில் என் அத்தான் உலகம் முடியப்போகிறது என்று நம்பத் தொடங்கினார். அந்த நம்பிக்கைக்கு முதல் உரம் போட்டவள் நான்தான்.

அப்போது நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெக்ஸ்போர்ட்டில் அக்கா வீட்டு பேஸ்மென்டில் இருந்தேன். மிசிசாகாவில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. பழைய கொம்பியூட்டர் புரோகிராம்களில் ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அதை நான்கு இலக்கமாக்குவதற்கென்றே எங்களைப் போல ஒரு கூட்டத்தைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். ஒருநாள் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் கேட்டார்.

"உதைத் திருத்தாமல் விட்டா என்ன நடக்கும்?"

"ரெண்டாயிரம் பிறந்தவுடனை கொம்பியூட்டர் அதை ஆயிரத்துத் தொளாயிரம் எண்டு நினைக்கும், அத்தான்."

"நினைச்சா?"

"காப்புறுதி எடுத்த ஒருத்தரும் இன்னும் பிறக்கேல்லை எண்டு சொல்லும்."

நான் பகிடிக்குத்தான் சொன்னேன். அத்தான் பிட்டைக் குழைப்பதை நிறுத்தினார்.

"உங்கட கந்தோரே உப்பிடியெண்டா, கரண்ட் குடுக்கிறவன்ரை நிலைமை?"

"அவங்களும் திருத்துறாங்கள்."

"சம்பளம் குடுத்துத் திருத்துறாங்கள் எண்டா, பிழை இருக்குத்தானே?"

அடுத்த கிழமையே பேஸ்மென்டில் என் கட்டிலுக்கும் ஹீட்டருக்கும் இடையில் அரிசி மூட்டைகள் வந்து குந்தின. பிறகு பருப்பு, மா, மண்ணெண்ணெய் விளக்கு, மெழுகுதிரி, தீப்பெட்டி. நான் கட்டிலுக்குப் போவதென்றால் பக்கவாட்டில் நண்டுபோல நடக்கவேண்டியிருந்தது.

அக்கா அதைப் பெரிதுபடுத்தவில்லை. "அரிசிதானே, எப்பவோ சமைக்கிறதுதானே" என்றாள். கரண்ட் இல்லாமல் வாழ எங்கள் குடும்பத்துக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அதில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு விளக்கெரித்தவர்கள் நாங்கள். அத்தான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர். தொலைக்காட்சியில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் டோர்ச் லைட் வாங்கக் கவலையோடு வரிசையில் நிற்பதைக் காட்டினால், சோபாவில் சாய்ந்துகொண்டு, "பாவங்கள், பழக்கமில்லை" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு கவலைதான் மிஞ்சியிருந்தது. இறைச்சி.

"அங்கை அடைப்புக் காலத்திலையும் வளவுக்கை ஒரு கோழி நிண்டது. இஞ்சை என்ன நிக்குது? அணில்" என்றார். பின் ஜன்னலால் பார்த்தேன். வேலியில் ஒரு கறுப்பு அணில் இருந்தது. அதுவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தான் கார்களுக்கு பிளாஸ்ரிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். அவருக்கு அடுத்த மெஷினில் நின்றவன் வடக்கே ஒரு ஏரிக்கரையில் வளர்ந்த வெள்ளைக்காரன். இலையுதிர் காலம் வந்தால் லீவு போட்டுவிட்டு மான் வேட்டைக்குப் போய்விடுவான். அவன்தான் அத்தானின் ஆலோசகன். தன்னிடம் ஒரு பழைய வேட்டைத் துவக்கு இருப்பதாகவும், அத்தான் லைசென்ஸ் எடுத்தால் அதை மலிவாகத் தருவதாகவும் சொல்லியிருந்தான். லைசென்ஸுக்கு ஒரு பாதுகாப்பு வகுப்பு எடுக்கவேண்டும், சோதனை பாஸ்பண்ண வேண்டும், விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்தும் வேண்டும். கடைசி விஷயத்தை மட்டும் அத்தான் ஆறுதலாகப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்.

"துவக்குப் பேந்தும் வரும். அதுக்குப் போடுற ரவைதான் முதல் முடியும்" என்றார் என்னிடம், இரகசியமாக. "சனம் ஓடத் தொடங்கினாப் பிறகு கடைக்குப் போய் வேலையில்லை. நீர் ஒருக்கா வாரும். எனக்கு அவங்கட இங்கிலிஷ் பிடிபடாது."

நான் போனேன். ஏன் போனேன் என்று அக்கா பிறகு பலமுறை கேட்டாள். சனிக்கிழமையில் வேறு என்ன இருக்கிறது என்பதுதான் உண்மையான பதில்.

கடை மார்க்கம் தாண்டி, வீடுகள் முடிந்து சோளத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது. வாசலுக்கு மேலே, குதிரை உயரக் காட்டுமானான ஒரு மூஸின் தலை. உள்ளே தூண்டில்கள், சப்பாத்துகள், மானை இழுக்கவென்று மான் மூத்திரம் அடைத்த சின்னப் போத்தல்கள். அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொன்னபோது அத்தான் அதைப் பக்குவமாகத் திரும்ப வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

கவுண்டரில் நின்றவர் தடித்த, சிவந்த மனிதர். என்ன சுடப்போகிறீர்கள் என்று கேட்டார்.

"எல்லாம்" என்றார் அத்தான்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான், கொம்பியூட்டர் எல்லாம் நின்றுபோனால் குடும்பத்துக்கு இறைச்சி வேண்டும் என்று விளக்கினேன். இந்த வருஷம் அவருக்கு இந்தக் கதை புதிதில்லைப்போல. தலையாட்டிவிட்டு, கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலாவது, சுண்டுவிரல் நுனியளவு. அதன் இலக்கம் இருபத்திரண்டு. முயல், அணில், காட்டுக்கோழிக்குக் காணும். சத்தம் குறைவு, பாரமில்லை, ஒரு பொக்கற்றுக்குள் ஒரு மாதத்துச் சாப்பாட்டைக் கொண்டு திரியலாம். ஆனால் மானுக்கு இதால் சுடக்கூடாது; அது காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். மானுக்கு வேறு, மூஸுக்கு அதைவிடப் பெரிசு.

அத்தானுக்கு இந்தப் பாகுபாடு பிடிக்கவில்லை.

"முயலுக்கும் மூஸுக்கும் பொதுவா ஒண்டு இல்லையோ எண்டு கேளும்."

கேட்டேன். மூஸுக்கான ரவையால் முயலைச் சுட்டால் கறிக்குக் காது மட்டும்தான் மிஞ்சும் என்றார் கடைக்காரர். நான் மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் உப்புச் சேர்த்தேன்: "உங்களைப் பாத்தா காதுக்கறி சாப்பிடுற ஆள் மாதிரித் தெரியேல்லையாம்." அத்தான் கடைக்காரரை முறைத்தார். அவர் ஏனென்று தெரியாமல் சிரித்தார்.

வீட்டுக்குத் தேவையென்றால் இருபத்திரண்டுதான் புத்தி என்று கடைக்காரர் இன்னொரு முறையும் சொன்னார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனால் அதற்குள் அத்தானின் கண் பின்தட்டில் இருந்த ஒரு பெட்டியில் விழுந்துவிட்டது. வெளியே எழுதியிருந்த இலக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். முகம் மலர்ந்தது.

"திரீ நொட் திரீ! உதுதான் பிள்ளை, உதுதான்! அவன்ரை துவக்கும் உதுதான். எங்கட ஊர்ப் பொலிஸ் ஸ்ரேஷன் வாசல்லை நிண்டவனும் உதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்."

வெளிநாட்டில் தற்செயலாகச் சொந்தக்காரனைக் கண்டதுபோல இருந்தது அவருக்கு. கடைக்காரர், துவக்கு இருக்கிறதா என்று கேட்டார். "கமிங்" என்றார் அத்தான். முதலில் துவக்கு, பிறகுதான் ரவை. துவக்குக் குழாயில் என்ன பொறித்திருக்கிறதோ அச்சொட்டாக அதுவேதான் போடவேண்டும், மாறிப் போட்டால் ஆபத்து என்றார் அவர். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். "ஓம், ஓம், அவன்ரை துவக்கை எனக்குத் தெரியாதே?" என்றார் அத்தான். அவர் அதைக் கண்ணாலும் கண்டதில்லை.

அத்தான் அதில் இரண்டு பெட்டி எடுத்தார்; வயதை உறுதிப்படுத்த டிரைவிங் லைசென்ஸ் கேட்டார்கள். நாற்பதைத் தாண்டிய அத்தானுக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். வழி முழுக்க, "என்னைப் பாத்தா அப்பிடியே கிடக்கு?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டு பெட்டிகளையும் ஒரு பழுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அக்கா வாசலில் நின்றாள்.

"எங்கை போட்டு வாறியள்?"

அத்தான் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அது ஒரு வியாதி மாதிரி.

"ரவை வாங்க" என்றார்.

"ரவையோ? வீட்டிலை ரெண்டு பைக்கற் கிடக்கே!"

"இது வேறை ரவை."

"வறுத்ததோ, வறுக்காததோ?"

அத்தான் யோசித்தார். "வறுக்காதது."

நான் இருமிக்கொண்டு பேஸ்மென்டுக்கு ஓடினேன். அவர் பெட்டிகளை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், என் தலைமாட்டிலிருந்து ஒரு முழத்தில் வைத்தார். அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதை நான் விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் அவர் துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனார். அக்காவிடம் "பாதுகாப்பு வகுப்பு" என்று மட்டும் சொன்னார். தொழிற்சாலைக்காரர் அனுப்புகிறார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். வகுப்பு முடிந்து வந்த அன்று, ஹோலில் தும்புத்தடியைத் தோளில் வைத்து, வேலி கடப்பது எப்படி, ஆளை நோக்கிப் பிடிக்காமல் நடப்பது எப்படி என்று எனக்குச் செய்துகாட்டினார்.

"அப்பிடியே அந்த மூலையையும் ஒருக்காக் கூட்டிவிடுங்கோ" என்றாள் அக்கா குசினிக்குள்ளிருந்து.

விஷயம் வெளிவந்தது ஒக்ரோபரில். அந்த வெள்ளைக்காரனை அத்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார். அக்கா றோல்ஸும் பற்றிஸும் பொரித்தாள். அவன் உறைப்பில் சிவந்தாலும் விடாமல் சாப்பிட்டான். சாப்பிட்டு முடிய அத்தான் பெருமையோடு கீழே போய் இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

அவன் பெட்டியைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். பிறகு தன் ஜக்கெற்றின் பொக்கற்றைத் துழாவி, நூலும் ரொபி உறையும் ஒட்டியிருந்த ஒரு ரவையை எடுத்து மேசையில் நிறுத்தினான். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினான். அத்தான் வாங்கியது நீளம். அவனுடையது கட்டை.

"என்னுடையது தேட்டி-தேட்டி" என்றான்.

"ஓம், திரீ நொட் திரீ" என்றார் அத்தான்.

"இல்லை. தேட்டி. தேட்டி."

தொழிற்சாலையின் இரைச்சலுக்குள் அவன் மாதக்கணக்காகச் சொன்னது அதுதான், முப்பது-முப்பது. அத்தானின் காதில் விழுந்தது ஊர்ப் பொலிஸ் ஸ்ரேஷனின் இலக்கம். இந்த ரவை தன் துவக்குக்குள் போகவே போகாது என்று அவன் சிரித்துச் சிரித்து முதுகில் தட்டினான். அத்தானும் மரியாதைக்குச் சிரித்தார்.

அப்போதுதான் அக்கா தேநீர்த் தட்டோடு வந்தாள். மேசையில் இரண்டு ரவைகள் நிமிர்ந்து நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவற்றுக்கு இரண்டு பக்கமும் கோப்பைகளை வைத்தாள்.

"சீனி காணுமோ எண்டு அவரைக் கேளுங்கோ" என்றாள்.

அக்கா கத்தினால் எனக்குப் பயமில்லை. இப்படிக் கேட்டால்தான் பயம்.

அவள் அத்தானிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. அத்தானோ அவள் கவனிக்கவில்லை என்று முடிவுசெய்துவிட்டார். என்னைக் கொண்டு கடைக்குப் போன் பண்ணுவித்தார். விற்ற ரவையைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். அத்தான், "அப்ப சரி, ரவைக்கு ஏத்த துவக்காப் பாப்பம்" என்றார். அன்றிலிருந்து செகண்ட்ஹாண்ட் விளம்பரங்கள் பார்க்கத் தொடங்கினார்.

திங்கட்கிழமை அவர் பின்னேர ஷிப்ற்றுக்குப் போனதும் அக்கா பேஸ்மென்டுக்கு இறங்கி வந்தாள். நான் அன்று லீவு. அவள் கையில் வெறும் ஐஸ்கிறீம் டப்பா ஒன்று.

"எடியே, உதை இதுக்குள்ளை கொட்டு. நான் தொடமாட்டன்."

பேப்பர் டவலில் சுற்றிச் சுற்றி அடுக்கினேன். வெறும் பெட்டிகளை அவள் மேலே கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது அவை கனமாக இருந்தன. மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பொலித்தீன் பையில் இறுக்கக் கட்டிய, வெள்ளை வெளேரென்ற ரவை. உப்புமா ரவை.

"அக்கா!"

"என்னடி? அவர் ரவை எண்டுதானே சொன்னவர்."

"தூக்கிப் பாத்தா கனம் தெரியுமே?"

"அவர் தூக்கிப் பாக்கமாட்டார். எட்டிப் பாப்பார். பெட்டி இருந்தாச் சரி. எனக்குத் தெரியாதே அவரை?"

பிறகு கோட்டைப் போட்டாள். பொலிஸ் ஸ்ரேஷனுக்குப் போவோம் என்றாள். நான் முதலில் போன் பண்ணிக் கேட்டேன். டப்பாவைக் காரின் டிக்கிக்குள்ளேயே விட்டுவிட்டு உள்ளே வந்து சொல்லுங்கள், ஒருவர் வெளியே வந்து எடுப்பார் என்றார்கள். வழியில் அக்கா ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தாள். "சேர், ஐ ஹாவ் புலற்ஸ்" என்று தொடங்கினாள். கவுண்டருக்குப் போய் முதல் வாக்கியமாக அதை மட்டும் சொல்லாதே என்று கெஞ்சினேன்.

வெளியே வந்த பொலிஸ்காரர் இளம் பெடியன். டிக்கியைத் திறந்தேன். மூடியில் மாம்பழப் படம் போட்ட டப்பாவை அவர் சற்றுநேரம் பார்த்தார். திறந்து, ஒரு சுருளைப் பிரித்தார்.

துவக்கு எங்கே என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். "நோ கன், சேர். ஹஸ்பன்ட் குட் மான்."

அப்படியென்றால் ரவை எதற்கு?

"ஃபோர் கொம்பியூட்டர்" என்றாள் அக்கா.

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு, ரெண்டாயிரம் ஆண்டு, கரண்ட், இறைச்சி என்று ஒருமாதிரி விளக்கி முடித்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, கொண்டுவந்தது நல்லது, வீட்டில் வைத்திருக்க விருப்பமில்லாவிட்டால் இதுதான் சரியான வழி என்றார். டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"சேர்!" என்று அக்கா பின்னால் கூப்பிட்டாள். "ஐஸ்கிறீம் பொக்ஸ்."

"என்ன?"

"பொக்ஸ் எங்கடை."

அவர் உள்ளே போய், ரவைகளை எங்கோ கொட்டிவிட்டு, வெறும் டப்பாவை மூடியோடு கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். அக்கா நன்றி சொன்னாள்.

காருக்குள் ஏறிய பிறகு அவள் டப்பாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினாள். டப்பா மடியில் கடகடத்தது. ஸ்ராட் பண்ணாமல் இருந்தேன்.

"உனக்கு ஞாபகமே? நீ சின்னன்" என்றாள். "ஆமி சுற்றிவளைச்ச நேரம், எங்கட வேலிக்கரையிலை ரவையின்ரை வெறுங்கோது ஒண்டு கிடந்தது. ஆர் சுட்டதோ தெரியாது. அம்மா அதைத் தூக்கிக் கிணத்துக்கை போட்டிட்டா. அவங்கள் வந்து பாத்திட்டுப் போட்டாங்கள். அதுக்குப் பிறகு எத்தினை நாள், வாளி விடேக்கை அது ஏறி வந்திடுமோ எண்டு எட்டி எட்டிப் பாத்துத்தான் தண்ணி அள்ளினனான். இண்டைக்கு ரெண்டு பெட்டி ரவையைப் பொலிஸ்காரன்ரை கையிலை குடுத்திட்டு, டப்பாவையும் திருப்பி வாங்கிக்கொண்டு வாறன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணால் தண்ணீர் வந்தது. நானும் சிரித்தேன். பக்கத்துக் காருக்குள் இருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் இருபக்க உளவாளியாக வாழ்ந்தேன். அத்தானோடு இருந்து விளம்பரங்களை வாசித்து, திரீ நொட் திரீ துவக்கு எதுவும் இல்லை என்று உதட்டைப் பிதுக்குவேன். மேலே போய் அக்காவிடம், இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று அறிக்கை கொடுப்பேன். விண்ணப்பத்தை அத்தான் ஒருநாள் மெல்ல நீட்டியபோது, "கையெழுத்துத்தானே, போடுவம், வெளிச்சத்திலை வாசிச்சிட்டு" என்று அக்கா வாங்கிவைத்தாள். டிசம்பர் முடியும்வரை அவளுக்கு வெளிச்சம் கிடைக்கவில்லை. அத்தான் இடைக்கிடை அரிசி மூட்டைகளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். பெட்டிகள் இருக்கும். திருப்தியோடு படியேறுவார்.

புதுவருஷம் பிறந்தது. லைற் எரிந்தது, தண்ணீர் வந்தது, போன் அடித்தது. மொன்றியலில் இருந்த சித்தி கூப்பிட்டு, அங்கேயும் எல்லாம் வேலைசெய்கிறது என்றார். அத்தானின் முகத்தில் நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்லமுடியவில்லை. மத்தியானம்போல் சாமான்களை ஒதுக்கவென்று கீழே இறங்கினார். பிறகு ஒவ்வொரு படியாக ஏறிவந்து, பொலித்தீன் பையைக் குசினி மேசையில் வைத்தார்.

"இது என்ன?"

"ரவை" என்றாள் அக்கா. "வறுக்காதது."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் குளிர்பெட்டிக்குள் தலையைவிட்டு எதையோ தேடினேன்.

"மற்றது எங்கை?"

"பொலிஸ் ஸ்ரேஷனிலை."

"ஆர் குடுத்தது?"

"நான்தான்."

நான் சண்டையை எதிர்பார்த்தேன். அத்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊரில் சோதனைச் சாவடியில் ஐடென்ரிற்றி கார்ட்டை நீட்டும்போது இவளுக்குப் பெயரைச் சொல்லவே நாக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். "நீரோ? நீராப் போனனீரோ?" என்றார். முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அக்கா ரவையை நெய்யில் வறுத்துக்கொண்டே சொன்னாள். "ஃபோர் கொம்பியூட்டர்" என்ற இடத்தில் அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகமெல்லாம் ஈரம்.

"டப்பாவையும் கேட்டனீரோ?"

"பின்னை? நல்ல டப்பா."

அன்று கேசரி சாப்பிட்டோம். அரிசியைச் சாப்பிட்டு முடிக்க அடுத்த வருஷமும் பிடித்தது.

பெப்ரவரியில் அந்த வெள்ளைக்காரன் அத்தானைப் பனியில் உறைந்த ஏரியொன்றுக்கு மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனான். அக்கா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. இரண்டு சோடி காலுறை மட்டும் கூடுதலாகக் கொடுத்துவிட்டாள். அத்தான் மூக்குச் சிவந்து, தடிமனோடு, கைநீள மீன் ஒன்றோடு வந்தார். தண்ணீருக்கு மேலே கதிரை போட்டு இருந்தேன் என்று வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொன்னார். அக்கா மீனைக் கழுவித் துண்டுபோட்டாள்.

"இது அந்தக் கடைக்காரன் சொன்ன இருபத்திரண்டாலை சுட்டதோ?" என்று நான் கேட்டேன்.

"நீர் கதையாதையும்" என்றார் அத்தான், தும்மிக்கொண்டு. "உம்மாலைதான் எல்லாம்."